பிஎஸ்4 சத்தம் போடுகிறது என்பதற்காக பிஎஸ்5 வாங்காதீர்கள்

போன வாரம் ஒருவர் துணிப்பை நிறைய கேம் டிஸ்க்குகளோடு என் சர்வீஸ் கடைக்கு வந்தார். கூடவே பெட்டி பிரித்த புது பிஎஸ்5, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல். மகனுக்காக வாங்கியிருக்கிறார். "டிஸ்க் போடற இடத்தையே காணோம் தம்பி. எங்க இருக்குன்னு காட்டிக் குடுங்க" என்றார். எங்கேயும் இல்லை. அவர் வாங்கியது டிஜிட்டல் எடிஷன், டிஸ்க் டிரைவே இல்லாத மாடல். விலை குறைவாக இருந்ததால் அதை எடுத்திருக்கிறார். பழைய பிஎஸ்4-ஐ எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாயிற்று. ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "ரொம்பச் சத்தம் போட்டுச்சுங்க. ஆயுசு முடிஞ்சிருச்சுன்னு கடைல சொல்லிட்டாங்க."

இதே கதையை ஆள் மாற்றி ஆள் மாற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. இனி யாராவது கேட்டால் லிங்க்கை அனுப்பிவிடுவேன்.

முதலில் அந்தச் சத்தத்தை முடித்துவிடுவோம். ஃபேன் சத்தம் போட்டால் மெஷின் சாகப்போகிறது என்று அர்த்தமில்லை. திரும்பவும் சொல்கிறேன், அர்த்தமில்லை. உள்ளே சூடு ஏறினால் ஃபேன் வேகமாகச் சுற்றும். வேகமாகச் சுற்றினால் சத்தம் வரும். அது ஃபேன் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம். கேட்க வேண்டிய கேள்வி ஏன் இவ்வளவு சூடு என்பதுதான். பத்தில் எட்டுப் பேருடைய மெஷினில் பதில் ஒன்றே: தூசி. சிப்பின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே காற்று போக மெல்லிய இடைவெளி இருக்கும். நான்கைந்து வருடம் திறக்காத பிஎஸ்4-ஐக் கழற்றினால் அந்த இடைவெளி முழுக்கச் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு படலம் படிந்திருக்கும். சின்ன இடுக்கி வைத்து இழுத்தால் ஒரே துண்டாக வரும். காற்று போக வழியில்லை, ஃபேன் கத்துகிறது. அவ்வளவுதான் விஷயம்.

அடுத்தது தெர்மல் பேஸ்ட். சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே தடவியிருக்கும் அது வருடக்கணக்கில் காய்ந்து சுண்ணாம்பாகிவிடும். சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். தூசி எடுத்து பேஸ்ட் மாற்றுவது ஆயிரத்துச் சொச்ச ரூபாய் வேலை. காலையில் கொடுத்தால் சாயங்காலம் எடுத்துப் போகலாம். இதற்குப் பயந்து ஐம்பதாயிரம் செலவு செய்கிறார்கள்.

பிஎஸ்4 ப்ரோவும் 2013-ல் வந்த முதல் மாடலும் பிறவியிலேயே கொஞ்சம் சத்தக்காரர்கள். கனமான கேம் போட்டால் புதிதாக இருக்கும்போதே இரைந்தவை. அதை நோய் என்று நினைக்காதீர்கள்.

இந்த இடத்தில் கரப்பான்பூச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிஎஸ்4-ன் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது. முழுதாக அணைக்காமல் ரெஸ்ட் மோடில் விட்டால் ராத்திரி முழுக்கக் கதகதப்பு. காற்றுப் போகும் சந்து அகலம். குடும்பம் நடத்த வேறென்ன வேண்டும்? மெஷின் சூடானதும் ஒரு கருகல் வாடை வருகிறது என்று சொல்லிக் கொண்டு வருகிற மெஷின்களைத் திறக்கும்போது நான் முகத்தை ஒரு அடி தள்ளியே வைத்துக்கொள்வேன். பவர் சப்ளைக்குள் முட்டைக் கூடுகள் ஒட்டியிருக்கும், போர்டின் மேல் எச்சம் படிந்து ஷார்ட் ஆகியிருக்கும். டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் கன்சோலை வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்னாதீர்கள். புது மெஷின் வாங்கினாலும் இதே பழக்கம்தான் தொடரும் என்றால் அதுவும் இரண்டு வருடத்தில் என் மேஜைக்குத்தான் வரும்.

அடுத்த புகார், "ஹேங் ஆகுதுங்க." மெனு நகர்ந்தால் நகர்கிறது, கேம் பாதியில் நின்று சிஇ-34878-0 என்று காட்டுகிறது, லோடிங் திரை முடிவதே இல்லை. இதில் பெரும்பாலும் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். லேப்டாப்பில் போடுகிற அதே 2.5 அங்குல, நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க்தான் உள்ளே இருக்கிறது. எட்டு வருடம் ஓடிய லேப்டாப் டிஸ்க்கிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்? முதலில் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். மெஷினை முழுதாக அணைத்துவிட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். ஒரு பீப் வரும், ஏழு விநாடி கழித்து இன்னொரு பீப் வரும், அப்போது கையை எடுங்கள். கன்ட்ரோலரை வயரால் இணைத்து, வருகிற பட்டியலில் ஐந்தாவதாக இருக்கும் ரீபில்ட் டேட்டாபேஸைத் தேர்ந்தெடுங்கள். கேமோ, ஆடிய இடம்வரை பதிந்திருக்கும் சேவ் ஃபைலோ அழியாது. பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடுகிறது.

ஆகவில்லையென்றால் டிஸ்க்கை மாற்றலாம். சுற்றும் தட்டு இல்லாத, வேகமான சாதாரண சாட்டா எஸ்எஸ்டி போதும். சேவ் ஃபைலை மட்டும் முன்பே பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் டிஸ்க் செத்துப்போன பிறகு "பையன் மூணு வருஷமா ஆடினது" என்று கண்ணைக் கசக்கினால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. எஸ்எஸ்டி போட்டால் பிஎஸ்4 பிஎஸ்5 ஆகிவிடும் என்று ஒரு வீடியோவில் யாரோ சொன்னார்களாம். ஆகாது. லோடிங் குறையும், மெனு சுறுசுறுப்பாகும். பிராசஸர் 2013-ல் இருந்ததுதான்.

இன்னொரு வேண்டுகோள். கன்சோல் அணைந்து முடிப்பதற்குள் சுவர் ஸ்விட்சைத் தட்டிவிடாதீர்கள். நம் ஊர் கரண்ட் தானாகவே போகிறது, நீங்களும் சேர்ந்துகொள்ள வேண்டாம். டிஸ்க் கெட்டுப்போக அதுவும் ஒரு காரணம். ஒரு யூபிஎஸ் வைத்தால் நல்லது.

படமே வரவில்லை, விளக்கு மட்டும் எரிகிறது என்றால் எச்டிஎம்ஐ போர்ட் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். சால்டரிங் வேலை. அதற்கும் புது மெஷின் வேண்டாம்.

சரி, அப்படியானால் எப்போதுதான் மாற்றுவது? நீங்கள் ஆட விரும்பும் கேம் பழைய மெஷினில் வராதபோது. வேறு காரணம் எதையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. வருடா வருடம் ஃபுட்பால் கேம் மட்டும் ஆடுகிறவர் ஏன் அவசரப்படுகிறார் என்று எனக்குப் புரிவதே இல்லை. ஈஏ எஃப்சி 26 கூட பிஎஸ்4-க்கு வந்தது. 2022-ல் வந்த காட் ஆஃப் வார் ரக்னராக், கிரான் டூரிஸ்மோ 7 இரண்டும் பிஎஸ்4-ல் ஓடும். ஆனால் 2023-ன் ஸ்பைடர்மேன் 2, 2024-ன் ஆஸ்ட்ரோ பாட் இரண்டும் பிஎஸ்5-ல் ஓடும், பிஎஸ்4-க்கு வரவில்லை. அடுத்த ஒரு வருடத்தில் ஆட ஆசைப்படும் கேம்களை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். எந்தெந்த மெஷினில் வருகிறது என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் குறியுங்கள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

"ஜிடிஏ 6 வருதுங்களே" என்பீர்கள். தெரியும். அது பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் மெஷின்களுக்கும் என்றுதான் அறிவித்தார்கள், பிஎஸ்4-க்கு இல்லை. ஆனால் தேதியைப் பாருங்கள். முதலில் 2025 என்றார்கள். பிறகு 2026 மே 26. அப்புறம் 2026 நவம்பர் 19. முதல் தேதியை நம்பி பிஎஸ்5 வாங்கி வைத்தவர்களுக்கு கேம் வருவதற்குள் ஒரு வருட வாரன்டி தீர்ந்துபோகும் கணக்கு. ஒரே ஒரு கேமுக்காக வாங்குகிறீர்கள் என்றால் அது கடைக்கு வந்த பிறகு வாங்குங்கள். வாரன்டி ஓட ஆரம்பிக்கும் நாளிலிருந்து நீங்களும் ஆட ஆரம்பிக்கலாம்.

காத்திருந்தால் விலை பாதியாகுமா என்று கேட்பவர்களுக்கு: முன்பு அப்படி நடந்ததுண்டு, இந்தத் தலைமுறையில் தலைகீழ். 2021 பிப்ரவரியில் இந்தியாவில் டிஸ்க் மாடல் 49,990 ரூபாய்க்கு வந்தது. 2022 நவம்பரில் 54,990 ஆக்கினார்கள். பண்டிகைச் சலுகையில் சில ஆயிரம் குறையும், அப்போது பார்த்து எடுங்கள். அதற்கு மேல் கனவு காண வேண்டாம்.

டிவி விஷயம் சுருக்கமாக. 32 அங்குல ஃபுல் எச்டி டிவியில் மாட்டினால் 4கே வராது. எந்த கன்சோலும் டிவியை மாற்றாது. ஆனாலும் லோடிங் வேகமும், படம் தடங்கலில்லாமல் ஓடுவதும் அதிலும் தெரியும், அதனால் அது வீண் செலவு என்று சொல்ல மாட்டேன். 4கே டிவி இருந்தும் "எல்லாம் அதே மாதிரிதான் இருக்குங்க" என்கிறவர்கள் டிவி செட்டிங்கில் போய் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு உயர்தர சிக்னலை இயக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பல டிவிகளில் அது அணைத்தே வரும். பெட்டிக்குள் வரும் கேபிளையே பயன்படுத்துங்கள், பழைய செட்டாப் பாக்ஸ் கேபிள் வேண்டாம்.

இப்போது அந்தத் துணிப்பை. கையில் டிஸ்க் இருக்கிறவர்கள் டிஸ்க் டிரைவ் உள்ள மாடல்தான் வாங்க வேண்டும். பிஎஸ்4 டிஸ்க்குகளில் மிகப் பெரும்பாலானவை அதில் ஓடும். பிஎஸ்3 டிஸ்க் ஓடாது. டிஜிட்டல் எடிஷனில், அக்கவுன்ட்டில் ஆன்லைனில் வாங்கிய கேம்கள் மட்டும்தான் வரும். சில பிஎஸ்4 கேம்களுக்கு பிஎஸ்5 பதிப்பு இலவசமாகவோ சிறு தொகைக்கோ கிடைக்கிறது. டிஸ்க் வாங்கியவர் அதை ஆட ஒவ்வொரு முறையும் அந்த டிஸ்க்கை உள்ளே போட்டாக வேண்டும். டிரைவே இல்லாவிட்டால் அதுவும் போச்சு. தெரியாமல் டிஜிட்டல் எடிஷன் வாங்கிவிட்டீர்களா? பிறகு வந்த, அளவில் சிறிய ஸ்லிம் மாடலாக இருந்தால் தனியாக விற்கும் டிரைவைப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளலாம், முதல் தடவை இன்டர்நெட் இணைப்பு வேண்டும். 2020-ல் வந்த பழைய டிஜிட்டல் எடிஷனுக்கு அந்த வழியும் கிடையாது. செகண்ட் ஹாண்ட் வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-ஸிலும் டிஸ்க் டிரைவ் இல்லை, மாட்டவும் முடியாது.

துணிப்பைக்காரர் வாங்கியது நல்லவேளையாக ஸ்லிம். டிரைவுக்குத் தனியாகப் பணம் கட்டினால், முதலிலேயே டிஸ்க் மாடல் வாங்கியிருக்கலாமே என்ற இடத்துக்குத்தான் வந்து நிற்பார்.

பழைய பிஎஸ்4 கன்ட்ரோலர் பிஎஸ்5-ல் இணையும், ஆனால் பிஎஸ்4 கேம் மட்டும்தான் ஆட முடியும். இரண்டு பேர் ஆடும் வீடாக இருந்தால் இன்னொரு கன்ட்ரோலர் விலையையும் கணக்கில் சேருங்கள். ஆன்லைனில் சேர்ந்து ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் உண்டு. இலவச கேம்களுக்கு மட்டும் அது தேவையில்லை.

பிஎஸ்5 வைத்திருந்தும் அதன் திறன் கூடிய மாடலான பிஎஸ்5 ப்ரோ மேல் கண் வைத்திருப்பவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 நவம்பரில் அது வந்தபோது இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்கவில்லை. அதன் வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லை என்பதே காரணம். துபாயிலிருந்து வந்தது, சிங்கப்பூரிலிருந்து வந்தது என்று கைமாறிய மெஷின்களுக்கு இங்கே வாரன்டி கேட்டு நிற்க முடியாது. அதிலும் டிஸ்க் டிரைவ் கிடையாது, தனியாகத்தான் வாங்க வேண்டும். ஒரு வருட வயதான பிஎஸ்5 நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது இது எதற்கு?

புதிதாக வாங்கியவர்கள் தயவுசெய்து பிஎஸ்5-ஐத் தெருமுனை மொபைல் கடையில் கொடுத்துத் திறக்காதீர்கள். இதில் பேஸ்ட் இல்லை, திரவ உலோகம். ஹீட் சிங்க்கைத் தெரியாமல் தூக்கினால் அது சிந்தி போர்டு முழுக்க ஷார்ட் ஆகும். அப்படி வந்தவற்றில் நான் காப்பாற்றியது குறைவு. பக்கத்து மூடியைக் கழற்றினால் தூசி சேரும் ஓட்டைகள் தெரியும். வேக்குவம் கிளீனரை அங்கே மட்டும் காட்டுங்கள், அதற்கு மேல் கையை வைக்காதீர்கள்.

கடைசியாக, பழைய மெஷினை விற்கும் முன். புதியது ஒரு மாதமாவது ஒழுங்காக ஓடட்டும். சேவ் ஃபைல்கள் புது மெஷினுக்கு வந்துவிட்டனவா என்று ஒவ்வொரு கேமையும் திறந்து பாருங்கள். சில கேம்களில் பிஎஸ்4 சேவ் பிஎஸ்5 பதிப்புக்குத் தானாக வராது, பழைய மெஷினில் இருந்து அனுப்பினால்தான் வரும். அப்புறம் பழையதில், அதை உங்கள் அக்கவுன்ட்டின் முதன்மை மெஷினாக வைத்திருக்கும் பிரைமரி அமைப்பை நீக்குங்கள். அதை அப்படியே விற்றுவிட்டு, "யாரோ என் கார்டுல கேம் வாங்கறாங்க" என்று போன் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நீக்கியபின், மெஷினில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் இனிஷியலைஸில் ஃபுல் என்பதைத் தேர்ந்தெடுங்கள், க்விக் வேண்டாம். சில மணி நேரம் பிடிக்கும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம், மறுநாள் பகலில் மெயின்டனன்ஸ் என்று கரண்ட் நிறுத்தும் நாளாக இருந்தால் மட்டும் ஒருநாள் தள்ளிப்போடுங்கள்.