அட்டையைக் கொடுத்து வாங்குவது கைமாற்று அல்ல

இந்த மாதத்தில் இது நான்காவது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் கடன் ஆலோசகராக இருக்கும் என் முன்னால் நேற்று அமர்ந்த ஆயா, அரசின் முதியோர் உதவித்தொகை எடுக்கும் சாசா (சமூகநல முகமை) அட்டையை எட்டு மாதங்களுக்கு முன்பே வட்டிக்கு விடுபவரிடம் கொடுத்துவிட்டார். அந்த வட்டிக்காரரின் பிஸ்கட் டப்பாவுக்குள் ரப்பர் பேண்டு போட்ட அட்டைகள் பல இருந்தன என்றும், ஒவ்வொன்றின் முதுகிலும் இரகசிய எண் எழுதிய துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது என்றும் ஆயா சொன்னார். வாங்கியது 1,000 ராண்ட். மாதம் 500 வீதம் 4,000 ராண்ட் வட்டியாகப் போன பிறகும் முதல் அப்படியே நிற்கிறது. சட்டப்படியான குறுங்கடனில், ஆண்டின் முதல் கடனுக்கு வட்டியின் உச்சவரம்பு மாதம் 5 விழுக்காடுதான்.

"நம்ம ஆள்தானே, அவசரத்துக்குக் கைமாற்றாகக் கொடுத்தார்" என்றார் ஆயா.

இந்தக் குழப்பம்தான் என்னை வாட்டுகிறது. பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி வாங்கி ஒரு படியே திருப்பித் தருவது கைமாற்று. அதில் வட்டி கிடையாது, அடமானமும் கிடையாது. 1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் இங்கு வந்திறங்கி, மாதம் பத்து ஷில்லிங் கூலிக்குக் கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்களின் வழிவந்த நமக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆடியில் அம்மனுக்குக் கஞ்சி வார்க்கும்போது எல்லாரிடமும் திரட்டி எல்லாருக்கும் பகிர்கிறோமே, வரியாகத் திரட்டப்பட்டு ஆயாவின் கைக்கு வரும் உதவித்தொகையும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். வட்டிக்கடன் முற்றிலும் வேறு: அது வியாபாரம். வியாபாரம் செய்பவர் உறவுமுறை சொல்லி அழைப்பதால் வட்டி குறைந்துவிடாது.

ஸ்டாக்வெல் என்னும் சேமிப்புச் சீட்டிலும் இதே ஏமாற்று நடக்கிறது. உண்மையான ஸ்டாக்வெல்லில் உறுப்பினர்கள் போட்ட பணமே முறைவைத்துத் திரும்புகிறது. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியைவிட ஆண்டுக்கு 20 விழுக்காடோ அதற்கு மேலோ கூடுதலாகத் தருகிறேன் என்று எவராவது வாக்களித்தால், 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அத்திட்டத்தையே தடை செய்கிறது.

அட்டை, அடையாளப் புத்தகம், இரகசிய எண் ஆகியவற்றைக் கடன் கொடுப்பவர் பிடித்துவைப்பதை 2005ஆம் ஆண்டு தேசியக் கடன் சட்டம் தடுக்கிறது; நீங்களே சம்மதித்துக் கையெழுத்திட்டிருந்தாலும் அது செல்லாது. தயங்காமல் அட்டையை முடக்கிப் புதியதைக் கேளுங்கள். பெற்றோரின் அட்டை யார் கையில் இருக்கிறது என்று இன்றே கேளுங்கள், பிள்ளைகளே. கேட்காமல் இருப்பது மரியாதை அல்ல.

புது அட்டைக்கு நாளைக் காலை ஆயாவுடன் நானே போகிறேன். அவர் மனம் நோகுமே என்று ஆயா இன்னும் அந்த மனிதருக்காகத்தான் வருந்திக்கொண்டிருக்கிறார்.