ஊருணியில் யார் தண்ணீர் எடுக்கலாம்?

செட்டிநாட்டில் ஊருணி இல்லாத ஊர் அரிது. மழைத் தண்ணீரை வரத்துக்கால் வழியாகக் கொண்டுவந்து தேக்கிக் குடித்த ஊர்கள் இவை. அந்தத் தண்ணீரை யார் எடுக்கலாம் என்பதை ஓட்டுக்கு விட்டால் என்ன ஆகும்?

1930 டிசம்பரில், இந்தப் பகுதியின் பெரும்பங்கும் சேர்ந்திருந்த அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில், ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்க, வெள்ளி நகை கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது என்கிற ரகம். போட்டது வெள்ளைக்கார சர்க்கார் இல்லை, அக்கம்பக்கத்து ஆதிக்கச் சாதியினர். ஊரைக் கூட்டிக் கை தூக்கச் சொல்லியிருந்தால், அநேகமாக அந்தத் தடைகளே ஜெயித்திருக்கும்.

இந்த இடத்தில்தான் அரசியலமைப்புக்கு வேலை வருகிறது. ஓட்டுப் போடும் உரிமையைக் கொடுப்பது அதன் ஒரு பாதி. 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் (1989 முதல் 18) ஓட்டு என்றானது. அதற்கு முன் சொத்தும் வரியும் படிப்பும் பார்த்துத்தான் ஓட்டு. மறு பாதி, சில விஷயங்களை ஓட்டுக்கு எட்டாத உயரத்தில் வைப்பது.

அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கையைக் கட்டுபவை. அரசியலமைப்பின் 15(2) பிரிவு அப்படி நிற்கவில்லை. கடை, ஓட்டல், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லி, சாதியைக் காட்டி எந்தக் குடிமகனையும் தடுக்கக் கூடாது என்கிறது. அரசுப் பணத்தில் பராமரிக்கும் குளம் மட்டுமல்ல, பொதுமக்களுக்கென விடப்பட்டதும் இதில் அடக்கம். ஒரு செட்டியார் சொந்தக் காசில் வெட்டி ஊருக்கு விட்ட ஊருணியும் தப்பாது! 17-ஆவது பிரிவு தீண்டாமையையே ஒழித்தது; மீறினால் தண்டனை என்ன என்பதற்கு 1955-இல் தனிச் சட்டம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரரையும் கட்டுப்படுத்தும் இந்த வரிகள்தான், என்னைக் கேட்டால், மொத்தப் புத்தகத்திலும் துணிச்சலானவை.

இவற்றுக்கு முரணான சட்டம் செல்லாது. திருத்தலாமே என்றால், நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அப்படியே திருத்தினாலும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் தொடக் கூடாது என்று 1973-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 6 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதி வித்தியாசம்.

சரி, எழுதிவைத்தால் நடந்துவிடுமா? 1993-இல் அமலான அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தப்படி ஊராட்சியின் ஆயுள் ஐந்து வருஷம். அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் காலம் முடிந்தது. வழக்கு மேல் வழக்காகி, செட்டிநாடு பரவிக் கிடக்கும் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். இடையில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டார்கள். அப்போது வந்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. மறுபடி தனி அலுவலர்கள்தான் வந்தார்கள்.