கமிங் அவுட்: அலமாரியும் அறத்தொடு நிற்றலும்

ஹார்டுவேர் கடைக்குப் போய் க்ளோசெட் வேண்டும் என்றால், இந்தியன் டைப்பா, வெஸ்டர்னா என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு அநேகமாக வேறு பொருளே இல்லை. அதனால், ‘அவர் க்ளோசெட்டிலிருந்து வெளியே வந்தார்’ என்று ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வரியில் அடங்கியும் போனது. தன் பாலினத்தவர் மீதே ஈர்ப்புக் கொண்ட ஒருவர், பல ஆண்டுகள் மூடி வைத்திருந்ததை வீட்டாரிடம் சொல்லிவிட்ட கதை அது.

ஆங்கிலத்தில் இதற்குக் ‘கமிங் அவுட்’ என்று பெயர். நேர்பொருள் ‘வெளியே வருதல்’. எதிலிருந்து வெளியே? க்ளோசெட்டிலிருந்து. அடைக்கப்பட்டது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது க்ளோசெட். பழைய இங்கிலாந்தில் அது படிக்கவும் ஜெபிக்கவும் ஒதுக்கிய தனியறை. மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கச் சொல்லும் இடத்தில், பழைய ஆங்கில விவிலியத்தில் இருப்பது இந்தச் சொல்தான். தமிழ் விவிலியம் அதை ‘அறைவீடு’ என்கிறது. அழகான சொல், யாரும் புழங்குவதில்லை. அமெரிக்காவில் க்ளோசெட் சுருங்கிச் சுருங்கித் துணி வைக்கும் அலமாரியாகிவிட்டது. நாம் சொந்தம் கொண்டாடும் அலமாரியும் போர்ச்சுகீசியர் விட்டுச் சென்றது என்பது வேறு கதை.

வேடிக்கை என்னவென்றால், ‘வெளியே வருதல்’ முதலில் அலமாரியோடு சேரவே இல்லை. மேல்தட்டுக் குடும்பத்துப் பெண் மணவயதை எட்டியதும் விருந்து வைத்து அவளைச் சமூகத்துக்கு அறிமுகம் செய்யும் வழக்கம் அங்கே இருந்தது. அந்த அறிமுகத்துக்குத்தான் அப்படிப் பெயர். நம் ஊர் மஞ்சள் நீராட்டு விழாவின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூயார்க்கின் தன்பாலீர்ப்பு ஆண்கள் அந்தச் சொல்லைக் குறும்பாக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் ‘வெளியே வந்தது’ தங்களைப் போன்றவர்கள் கூடும் நடன அரங்குகளுக்கு. ஒளிவிடத்திலிருந்து வெளியே வருவதல்ல, ஓர் உலகத்துக்குள் நுழைவதே அன்றைய பொருள் என்று வரலாற்றாசிரியர் ஜார்ஜ் சான்சி காட்டியிருக்கிறார். 1960களில்தான் அலமாரி வந்து ஒட்டிக்கொண்டது. 1969இல் நியூயார்க்கில் தன்பாலீர்ப்பினர் காவல்துறையை எதிர்த்து நின்ற ஸ்டோன்வால் கிளர்ச்சிக்குப் பிறகு, சொல்வதே ஓர் அரசியல் செயலானது. வீட்டில் சொல்லுங்கள், வேலையிடத்தில் சொல்லுங்கள் என்று 1978இல் மேடையேறிக் கேட்டார், தன்பாலீர்ப்பை மறைக்காமல் தேர்தலில் வென்ற சான் பிரான்சிஸ்கோ நகரசபை உறுப்பினர் ஹார்வி மில்க். அந்த ஆண்டு நவம்பரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

தமிழில் இதற்கு என்ன சொல்? அலமாரியை அப்படியே கொண்டுவருவது எனக்கு உடன்பாடில்லை. தனியறை என்பதே பலருக்கு வாய்க்காத வீடுகள் நம்முடையவை. இங்கே ஒளிபவர் அறைக்குள் ஒளிவதில்லை. கூட்டத்துக்கு நடுவில் ஒளிகிறார். அத்தை மகன் திருமணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டே, “அடுத்தது நீதானப்பா” என்பதற்குச் சிரித்துவைக்கிறார். அலுவலகத்தில் இல்லாத ஒரு பெண்ணைக் காதலியாக்கிக் கதை சொல்கிறார். கைப்பேசியில் ஆணின் பெயரைப் பெண் பெயராகச் சேமித்து வைக்கிறார். இது அடைபட்டிருத்தல் அன்று, அஞ்ஞாதவாசம். பாண்டவர்களும் காட்டில் ஒளியவில்லை. விராடன் அரண்மனையில் ஆளுக்கொரு வேடத்தில், பலர் பார்க்க வாழ்ந்தார்கள். அடையாளம் தெரிந்துவிட்டால் மறுபடியும் 12 ஆண்டு வனவாசம் என்பது நிபந்தனை. நம் ஊர்களில் பலருக்கு அந்த நிபந்தனை வீடு, சொத்து, தங்கையின் திருமணம் என்று வேறு உருவில் நிற்கிறது.

அஞ்ஞாதவாசம் வடசொல். தமிழில் ‘கரந்துறைதல்’ இருக்கிறது. கரத்தல் என்றால் மறைத்தல், உறைதல் என்றால் வாழ்தல். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைக்கும் சித்திரகவிக்குக் கரந்துறைப் பாட்டு என்றே பெயர். மேலே தெரிவது ஒரு பாட்டு, உள்ளே வேறொன்று. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது என்பது என் கட்சி. வள்ளுவரின் தலைவி, ‘கரத்தலும் ஆற்றேன் இந்நோயை’ என்று தொடங்கி, உரைப்பதற்கும் நாணம் தடுக்கிறது என்கிறாள். அங்கே பேசப்படுவது ஆண், பெண் காதல்தான். ஆனால் மறைக்கவும் முடியாமல் சொல்லவும் முடியாமல் தவிக்கும் நிலைக்கு அந்தக் குறளில் பால் வேறுபாடு இல்லை.

வெளியே வருவதற்கு ‘வெளிப்படுதல்’ போதும். இதில் தமிழ் இலக்கணம் ஒரு கூடுதல் வசதியும் தருகிறது. வெளிப்படுதல் என்றால் செய்பவர் தாமே. வெளிப்படுத்தப்படுதல் என்றால் அடுத்தவர் கைவேலை. இரண்டும் ஒன்றல்ல என்பதை அறிய ராஜ்பிப்லா வரை போய் வரலாம். குஜராத்தின் அந்தப் பழைய சமஸ்தானத்து வாரிசு மான்வேந்திர சிங் கோஹில். 1991இல் மணம் செய்துவைத்தார்கள். அடுத்த ஆண்டே மணமுறிவு. 2002இல் மனம் உடைந்து மருத்துவமனையில் கிடந்தபோது, விஷயத்தைப் பெற்றோரிடம் சொன்னவர்கள் மருத்துவர்கள். அது வெளிப்படுத்தப்பட்டது. 2006இல் ஒரு குஜராத்தி நாளிதழிடம் தாமே பேசினார். அது வெளிப்பட்டது. ஊரில் கொடும்பாவி எரித்தார்கள். குடும்பம் மகனில்லை என்றது. அவர் அடையாளத்தை மறுபடி மூடிக்கொள்ளவில்லை. பின்னாளில் தம் இடத்திலேயே, வீட்டார் துரத்திய தன்பாலீர்ப்பினருக்குப் புகலிடம் அமைப்பதாக அறிவித்தார்.

நம் செய்தித்தாள்கள் இப்படிப்பட்டவரைப் பற்றி எழுதும்போது, ‘தான் ஓரினச்சேர்க்கையாளர் என்று ஒப்புக்கொண்டார்’ என்கின்றன. ஒப்புக்கொள்வது திருடன் செய்யும் வேலை. தன்பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய, 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு நம் வினைச்சொல்லில் இன்னும் உயிரோடு இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று வயதுவந்தோரின் சம்மத உறவை அதிலிருந்து விடுவித்தது சொல்லுக்குத் தெரியவில்லை. ‘சொன்னார்’, ‘அறிவித்தார்’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஓரினச்சேர்க்கை என்ற சொல்லிலும் இரண்டு கோளாறுகள். மனிதர் எல்லோரும் ஓரினம்தானே! அடுத்து, ‘சேர்க்கை’ என்றதும் ஒரு மனிதரின் மனம் முழுவதும் படுக்கையறைக்குச் சுருங்கிவிடுகிறது. தன்பாலீர்ப்பு என்பது ஈர்ப்பைச் சொல்கிறது. யாரோடும் சேராமல் தனியே வாழ்பவருக்கும் அது பொருந்தும்.

மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு பெண்களின் வழக்கில், 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முதலில் தாமே தன்பாலீர்ப்பைப் பற்றிக் கற்றுக்கொள்ள ஓர் உளவியலாளரை நாடினார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக, மதிப்புக் குறையாத சொற்களின் பட்டியலொன்று 2022இல் தமிழ்நாடு அரசிதழில் வந்தது. சென்னையில் தன்பாலீர்ப்பினரும் திருநரும் 2009 முதல் நடத்தும் ஊர்வலத்தின் பெயரையும் கவனிக்க வேண்டும். உலகமெங்கும் ‘பிரைடு’ என்பதை, ‘பெருமை’ என்று பெயர்க்காமல் ‘வானவில் சுயமரியாதைப் பேரணி’ என்று வைத்தார்கள். மொழிபெயர்ப்பு என்றால் அது.

கமிங் அவுட்டுக்கும் அப்படி ஒன்று நம்மிடம் உண்டு என்று நினைக்கிறேன்: அகத்திணையின் ‘அறத்தொடு நிற்றல்’. களவில் இருக்கும் காதலை வீட்டுக்குத் தெரிவிக்கும் துறை அது. தலைவி நேரே தந்தையிடம் போவதில்லை. தோழியிடம் சொல்வாள், தோழி வளர்ப்புத் தாயான செவிலியிடம், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் குறிப்பால் உணர்த்துவாள். ஊரில் முதலில் அம்பல் என்னும் முணுமுணுப்பு, பிறகு அலர் என்னும் ஊரறிந்த பேச்சு. அதற்குள் சொல்லியாக வேண்டும். இப்படிச் சொல்லும் முறைகளைத் தொல்காப்பியம் ஏழாக வகுக்கிறது. தலைவனை எளியவனாகக் காட்டும் எளித்தல் முதலில், உண்மை செப்புதல் கடைசியில். மறைத்ததைச் சொல்வதற்கு, குற்றத்தை ஒப்புதல் என்றல்ல, அறத்தோடு நிற்றல் என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

ஆங்கிலச் சொல்லில் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு தனியே வருகிறார். நம் வீடுகளில் நடப்பது அப்படியல்ல. முதலில் ஒரு நண்பனிடம், பிறகு அக்காவிடம். அக்கா ஒரு மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு அம்மாவிடம் சொல்வாள். அம்மா அழுவார், கோயிலுக்குப் போவார், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்பார், பெண் வீட்டாருக்கு ஜாதகம் பொருந்தவில்லை என்று தாமே சொல்லி அனுப்புவார். பிறகு ஒருநாள், தட்டில் இன்னொரு தோசையை வைத்தபடி, “அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ சாப்பிடு” என்பார்.