கோமாரி வந்தால் ஊசியை எந்த ஊரில் தொடங்குவது?

மாடு சப்புக் கொட்டிக்கொண்டே நிற்கிறது, எச்சில் கயிறு மாதிரி தொங்குகிறது, குளம்பிடுக்கில் புண் என்று போன் வந்தால் எங்களுக்குச் சந்தேகம் கோமாரி மேல்தான். போய்ப் பார்த்துத் திரும்புவதற்குள் பக்கத்துக் கொட்டகைக்காரர் வழிமறிப்பார்: “டாக்டர், நம்ம மாட்டுக்கும் இப்பவே ஊசி போட்டுட்டுப் போங்க.” கேட்பது நியாயம்தான். ஆனால் நாங்கள் சுற்றியுள்ள ஊர்களில் தொடங்கி, வளையமாக உள்நோக்கித்தான் வருவோம். அவருக்குக் கோபம் வரும்.

காரணம் இதுதான். கிருமி நுழைந்து அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் ஆகலாம். அதற்கு முன்பே பாலில் கிருமி வந்துவிடுவதுண்டு. ஊசி போட்டாலும் எதிர்ப்புச் சக்தி உருவாக ஒரு வாரமாவது பிடிக்கும். பக்கத்துக் கொட்டகை மாட்டுக்கு இந்நேரம் தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அங்கே ஊசி போட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போனால் எங்கள் கையும் செருப்புமே நோயைச் சுமந்துபோகும். ஆகவே அந்த ஒரு வாரத்தில் நோய் எதுவரை போயிருக்கும் என்று கணித்து, அதற்கு வெளியே வளையம் போட வேண்டும்.

இந்தக் கணிப்பை நாடு தழுவிய அளவில் செய்து பார்த்தது பிரிட்டன். 2001 பிப்ரவரி 20 அன்று எசெக்ஸில் ஓர் இறைச்சிக்கூடத்துப் பன்றிகளில் கோமாரி உறுதியானது. இம்பீரியல் கல்லூரி, கேம்பிரிட்ஜ், எடின்பரோ ஆய்வாளர்கள் ஒவ்வொரு பண்ணையையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக்கி, தூரம் கூடக்கூடத் தொற்றும் வாய்ப்பு எப்படிக் குறைகிறது என்று கணக்கிட்டார்கள். நோய் கண்ட பண்ணையின் கால்நடைகளை 24 மணி நேரத்திலும், ஒட்டிய பண்ணைகளில் உள்ளவற்றை 48 மணி நேரத்திலும் கொல்வது என்று முடிவானது. தடுப்பூசி போடவில்லை. செப்டம்பர் 30 அன்று கடைசிப் பண்ணையில் நோய் உறுதியானபோது கணக்கு 2,026 பண்ணைகள்; கொல்லப்பட்டவை 60 லட்சத்துக்கும் மேல். அண்டைப் பண்ணைகளில் அத்தனை கொலை தேவைதானா என்று கால்நடை மருத்துவர்களே பிறகு கடுமையாகக் கேட்டார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் தாமதம்தான் பெரிய எதிரி என்பதில் இரு தரப்புக்கும் பேதமில்லை.

ஒரு விஷயம் வளையத்துக்குள் அடங்கவே அடங்காது: சந்தை. பிரிட்டனில் பிப்ரவரி 23 அன்று கால்நடை நடமாட்டத்தைத் தடை செய்வதற்குள்ளாகவே ஹெக்சம், லாங்டவுன் சந்தைகளில் கைமாறிய ஆடுகள் நோயை வெகுதூரம் கொண்டுபோயிருந்தன. லாரி ஏறிய மாட்டுக்கு நாங்கள் போடும் வளையமெல்லாம் ஒரு தூரமா?

நம் ஊரில் அப்படிக் கொல்வதில்லை. ஊசியும் நடமாட்டத் தடையும்தான் கையில் உள்ளவை. அதனால்தான் ஊசிக்கு முன்னாலேயே விசாரணை தொடங்கும்: இரண்டு வாரத்தில் மாடு வாங்கினீர்களா, விற்றீர்களா, எந்தச் சந்தை, தரகர் வேறெந்தக் கொட்டகைக்குப் போனார்? பலரும் மழுப்புவார்கள், விலை இறங்கிவிடும் என்ற பயம். மறைத்தால் நாங்கள் போடும் வளையம் தப்பான இடத்தில் விழும். புதிதாக வாங்கிய மாட்டை இரண்டு, மூன்று வாரம் தனியே கட்டுங்கள். 6 மாதத்துக்கு ஒருமுறை வரும் இலவச ஊசி முகாமை, பால் குறையும் என்று சொல்லித் தட்டிக்கழிக்காதீர்கள். அந்தக் குறைவு சில நாளில் சரியாகிவிடும்.