ஷூமாகர்: செருப்பு தைக்காதவர்களின் பெயர்

1980 ஜூன் 22, ரோம் நகரம். ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் பெல்ஜியத்தை 2-1 என்று வென்றது மேற்கு ஜெர்மனி. அந்த அணியின் பெயர்ப்பட்டியலைத் தமிழாக்கிப் பார்த்தால் ஒரு பழைய ஊரின் கடைத்தெரு போல இருக்கும். கோல்கீப்பர் ஷூமாகர்: செருப்பு செய்பவர். நடுக்களத்தில் ஷூஸ்டர்: அவரும் செருப்பு தைப்பவர். அவருக்குப் பக்கத்தில் முல்லர்: மாவு ஆலைக்காரர். பின்களத்தில் ஃபோர்ஸ்டர்: வனக்காவலர். நான்கு பேருக்கும் பிழைப்பு பந்தாட்டம்.

இதில் முதல் பெயரைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன். நம் பத்திரிகைகள் இதை 'ஷூமாக்கர்' என்று எழுதும். நான் ஒரு 'க்' குறைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

பெயரில் இரண்டு துண்டுகள். 'ஷூ' என்றால் ஜெர்மன் மொழியிலும் ஷூதான். இலங்கைத் தமிழர் போர்த்துகீசியரிடமிருந்து வாங்கிக்கொண்ட சொல்லில் சப்பாத்து. 'மாகர்' என்றால் செய்பவர், ஆக்குபவர். ('ஆக்கர்' என்ற தமிழ்ச்சொல்தான் அங்கே போய்த் திரிந்தது என்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன்: ஒலி ஒற்றுமை தற்செயலானது.) இன்றைக்கு ஜெர்மனியில் இந்தத் தொழிலை எழுதும்போது 'ஷூ'வுக்குப் பின் ஹெச் என்ற எழுத்தைச் சேர்ப்பார்கள். குடும்பப் பெயரில் பெரும்பாலும் அது இருக்காது. ஜெர்மன் எழுத்து விதிகளை எல்லோருக்கும் பொதுவாக்கிய பெர்லின் மாநாடு நடந்தது 1901-ல். பெயர்களோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தேவாலயப் பதிவேடுகளில் உட்கார்ந்துவிட்டன. சொல் திருந்தியது, பெயர் திருந்தவில்லை.

குடும்பப் பெயர் என்ற வழக்கமே அங்கே இடைக்காலத்தில் நகரங்கள் பெருத்தபோது வந்ததுதான். ஒரே தெருவில் ஐந்து ஹான்ஸ், ஆறு ஹைன்ரிஷ் இருந்தால் வரி வசூலிப்பவர் என்ன செய்வார்? அப்பன் பெயர், ஊர்ப் பெயர், ஆளின் தோற்றம், தொழில் இவற்றில் ஒன்றை ஒட்டவைத்தார். கொல்லர் ஷ்மிட் ஆனார், தையற்காரர் ஷ்னைடர், மீன்பிடிப்பவர் ஃபிஷர், நெசவாளர் வேபர். பிறகு மகன் வேறு தொழிலுக்குப் போனபோதும் பெயர் கூடவே போனது.

செருப்பு செய்பவருக்கு மட்டும் அந்த மொழியில் பெயர்கள் ஏராளம். 'ஷூஸ்டர்' என்பதன் பின்பாதியில் ஒளிந்திருப்பது 'சூட்டர்' என்ற லத்தீன் சொல். தைப்பவர் என்று பொருள். ஸ்விட்சர்லாந்துப் பக்கம் 'சூட்டர்' தனியாகவே குடும்பப் பெயராக இருக்கிறது. 'ஷூபர்ட்' என்பதும் பழைய ஜெர்மனில் செருப்பு வேலை செய்பவர்தான். 'ஷூமன்' செருப்பு ஆள். ஆக, இசை மேதைகள் ஃப்ரான்ஸ் ஷூபர்ட், ராபர்ட் ஷூமன் இருவரும் பெயரளவில் ஒரே பட்டறைக்காரர்கள்.

எந்தப் பெயர் எங்கே என்பதில் ஒரு வரைபடமே இருக்கிறது. ஷூஸ்டர் தெற்கு, தென்கிழக்குப் பகுதிப் பெயர். 1980 அணியில் ஆடிய பெர்ண்ட் ஷூஸ்டர் பவேரியாவின் ஆக்ஸ்பர்க் ஊர்க்காரர். ஷூமாகர் ரைன் நதிக்கரைப் பெயர், அதிலும் கொலோன் நகரைச் சுற்றி. அந்த கோல்கீப்பர் டோனி ஷூமாகர் பிறந்த ட்யூரன் கொலோனுக்கு மேற்கே கொஞ்ச தூரம். கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாகர் பிறந்த ஹ்யூர்ட் கொலோனை ஒட்டிய ஊர், வளர்ந்த கெர்பன் ட்யூரனுக்கும் ஹ்யூர்டுக்கும் நடுவில். இவர்களுக்குள் உறவு ஒன்றும் இல்லை. நம்மூரில் ஒரு வட்டாரத்தில் தெருவுக்கு நாலு சுடலைமுத்து இருப்பார்களே, அப்படித்தான்.

மைக்கேலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏழு உலகப் பட்டங்கள், 91 வெற்றிகள், 2013 டிசம்பரில் பிரான்ஸின் பனிச்சறுக்கு மலையில் விபத்து. அப்பா கொத்தனார், பெயரில் செருப்பு, கையில் கரண்டி. தம்பி ரால்ஃபும் பந்தய வீரர். 2001-ல் கனடா பந்தயத்தில் தம்பி முதலிடம், அண்ணன் இரண்டாமிடம். ஃபார்முலா ஒன்னில் உடன்பிறந்தோர் இப்படி முதல் இரண்டு இடங்களைப் பிடித்தது அதுவே முதல்முறை. மைக்கேலின் மகன் மிக்கும் இரண்டு ஆண்டுகள் அங்கே ஓட்டினார்.

டோனியின் கதை அவ்வளவு இனிப்பானதல்ல. 1982 ஜூலை 8, ஸ்பெயினின் செவில் நகரில் உலகக்கோப்பை அரையிறுதி. பந்தைத் துரத்தி வந்த பிரான்ஸ் வீரர் பத்திஸ்தோன்மீது அவர் பாய்ந்து மோதியதில், பத்திஸ்தோனின் பற்கள் உடைந்தன, முதுகெலும்பில் காயம், நினைவிழந்து தூக்கிச் செல்லப்பட்டார். நடுவர் ஃபவுல்கூடக் கொடுக்கவில்லை. உலகக்கோப்பை வரலாற்றின் முதல் பெனால்டி ஷூட்அவுட்டில் டோனி இரண்டு பந்துகளைத் தடுத்து அணியை இறுதிக்குக் கொண்டுபோனார். ஆட்டம் முடிந்ததும், பல்தான் பிரச்சினை என்றால் பல் கட்டும் செலவை நான் தருகிறேன் என்றார் பாருங்கள், அதுதான் பிரான்ஸைக் கொதிக்க வைத்தது. கடைசியில் ஜெர்மன் சான்சலர் ஹெல்முட் ஷ்மிட்டும் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் சேர்ந்து அறிக்கை விட்டுச் சூட்டைத் தணிக்க வேண்டியதாயிற்று. செருப்புக்காரர் வைத்த தீயைக் கொல்லர் அணைத்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அரசியலில் இந்தப் பெயருக்குக் கனம் சேர்த்தவர் குர்ட் ஷூமாகர். என் கணக்கில் இந்தப் பெயர்க்காரர்களில் மிகப் பெரிய ஆள் இவர்தான்; ஆனால் இணையத்தில் தேடினால் பந்தயக் கார்களின் புழுதிக்கு அப்பால்தான் கிடைப்பார். 1895-ல் அன்றைய பிரஷ்யாவின் குல்ம் என்ற ஊரில் பிறந்தார். இப்போது அது போலந்தில் இருக்கிறது. 19 வயதில் முதல் உலகப்போரில் வலக்கையை இழந்தார். சமூக ஜனநாயகக் கட்சி உறுப்பினராக நாடாளுமன்றம் போனவர், 1932 பிப்ரவரியில் கோயபல்ஸுக்குப் பதில் சொல்ல எழுந்து, நாஜிகளின் பிரசாரம் முழுவதும் மனிதனுக்குள் இருக்கும் கீழ்த்தர மிருகத்துக்கு விடுக்கும் அழைப்பு என்றார். அவர்கள் மறக்கவில்லை. 1933-ல் பிடித்துப்போய் ஏறக்குறைய பத்தாண்டுகள் வதை முகாம்களில் வைத்தார்கள், அதில் பெரும்பகுதி டாஹௌவில். போர் முடிந்ததும் கட்சியை மறுபடி கட்டியவர் இவர். 1948-ல் இடது காலும் போயிற்று. ஒரு கை, ஒரு காலோடு 1949 தேர்தலில் நின்றார்; இவர் கட்சிக்கு 29.2 சதவீதம், போட்டியாளர் அடெனௌரின் அணிக்கு 31. சான்சலர் பதவிக்கு அடெனௌருக்கு நாடாளுமன்றத்தில் தேவைப்பட்டது 202 ஓட்டு, கிடைத்ததும் சரியாக 202. குர்ட் 1952-ல் பான் நகரில் இறந்தார்.

அடெனௌர் என்ற பெயரும் சும்மா இல்லை: 'அடெனௌ ஊர்க்காரர்' என்று பொருள். அந்த ஊரின் பக்கத்தில்தான் ந்யூர்பர்க்ரிங் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே நடந்த ஐரோப்பிய கிராண்ட் பிரீயை மைக்கேல் ஐந்து முறை வென்றார். ஒரு ஷூமாகரைத் தோற்கடித்தவரின் பெயரில் இருக்கும் ஊரின் வாசலில் இன்னொரு ஷூமாகர்.

விளையாட்டும் அரசியலும் தாண்டி ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது, அவர் வழியாகத்தான் இந்தப் பெயர் தஞ்சாவூர் வரை வருகிறது. பொருளியல் அறிஞர் ஈ. எஃப். ஷூமாகர், 1911-ல் பான் நகரில் பிறந்து பிரிட்டனில் வாழ்ந்தவர். பௌத்தப் பொருளியல் பற்றி எழுதும்போது அவர் மேற்கோள் காட்டியவர்களில் ஒருவர் காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்த குமரப்பாவின் குடும்பப் பெயர் கொர்னேலியஸ். பின்னாளில் அதை விட்டுவிட்டுத் தாத்தாவின் பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார். இங்கே சொன்ன ஷூமாகர்கள் யாரும் அப்படிப் பெயரை உதறவில்லை.

உதற வேண்டிய அவசியமும் அங்கே இல்லை. 'செருப்புக்காரா, உன் கட்டையோடு நில்' என்று ஜெர்மனில் ஒரு பழமொழி உண்டு. கட்டை என்பது ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் கால் போன்ற மரத்துண்டு. பழமொழியில் கொஞ்சம் மட்டம்தட்டல் இருக்கிறது, சரி. ஆனால் அவர்களுக்கென்று கைவினைஞர் சங்கம் இருந்தது, ஊரில் மரியாதை இருந்தது. செத்த விலங்கைத் தோலுரித்தவர்கள், தூக்கிலிடுபவர்கள் போன்றோரைத்தான் அந்தச் சமூகமும் ஒதுக்கி வைத்தது.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். செருப்பு என்பது பழைய சொல்தான். செருப்புக்குள் மாட்டிய சிறு கல்லைப் போலப் பகைவரை உறுத்துகிற ஒரு வீரனைப் புறநானூற்றின் 257-ஆம் பாட்டு காட்டுகிறது. 'தொடுதோல்' என்றும் சங்கப் பாட்டில் ஒரு பெயர் உண்டு. செய்கிற ஆளுக்கு? சிலப்பதிகாரம் பூம்புகாரின் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளர்களை அடுக்கிக்கொண்டு போகும்போது 'துன்ன காரரும் தோலின் துன்னரும்' என்கிறது. துன்னுதல் என்றால் தைத்தல். முன்னவர் துணி தைப்பவர், பின்னவர் தோல் தைப்பவர். லத்தீனின் 'சூட்டர்' எதைச் சொல்கிறதோ அதையே 'துன்னர்' சொல்கிறது. ஆகவே ஷூஸ்டர் என்ற பெயருக்குத் 'தோலின் துன்னர்' அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும். ஷூமாகருக்கு அகராதிகள் தரும் சொல் 'செம்மான்', பன்மையில் செம்மார்.

அகராதியில் இருக்கிறதே, எடுத்துப் போட்டுவிடலாமா? இங்கேதான் நான் தயங்குகிறேன். ஜெர்மனில் தொழில் உதிர்ந்து பெயர் மட்டும் மிஞ்சியது. நம்மிடம் தொழிற்பெயர் சாதிப்பெயராக இறுகி, பிறகு வசையாகவும் ஆனது. தோல் வேலையைக் குறித்து வழங்கும் சில சொற்களை இங்கே எழுதக் கை வரவில்லை. பட்டியலினத்துக்குள்ளும் பின்தள்ளப்பட்ட அருந்ததியர் தங்களுக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு பெற 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த நிலத்தில் மைக்கேல் செம்மான் என்று எழுதினால் அது மொழிபெயர்ப்பு ஆகாது, வேறு எதுவோ ஆகிவிடும். பொருளை விளக்க 'செருப்பு செய்பவர்', 'காலணி செய்பவர்' போதும். பெயரைப் பெயராகவே விட்டுவிடலாம். கிரிக்கெட் வீரர் ஃபரூக் எஞ்ஜினியரை யாரும் பொறியாளர் ஃபரூக் என்று எழுதுவதில்லை.

பெயராக எழுதும்போது அந்த 'க்'. ஜெர்மன்காரர் இதைச் சொல்லும்போது நடுவில் 'க்க' வராது. தொண்டையை லேசாக உரசிக்கொண்டு ஒரு 'ஹ' வரும். தமிழில் உயிர்களுக்கு நடுவே ஒற்றைக் ககரம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? 'பகல்', 'முகம்' என்று சொல்லிப் பாருங்கள். ககரம் இளகி ஹகரத்தின் பக்கம் சாய்கிறது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் இது இன்னும் தெளிவாகக் கேட்கும். ஆங்கிலத்தில் 'சி', 'ஹெச்' என்று இரண்டு எழுத்தாக இருப்பதைப் பார்த்து நாம்தான் 'க்க' போட்டு இறுக்கினோம். 'ஷூமாகர்' என்று எழுதிவிட்டு அதைத் தமிழ் வழக்கப்படி வாசித்தாலே போதும், கெர்பன் ஊர்க்காரர் திரும்பிப் பார்ப்பார். கிரந்தம் வேண்டாதவர்கள் 'சூமாகர்' என்று எழுதலாம்.