பிரான்சில் சைக்கிளோடு ரயில் ஏற: சட்டம் தருவதும் நடைமேடையில் கிடைப்பதும்

லுவார் ஆற்றங்கரையில் சைக்கிள் ஓட்ட யாரும் காசு கேட்பதில்லை. கோட்டைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் பார்த்தபடி கடல்வரை போகும் சுமார் 900 கிலோமீட்டர் பாதை அது. வழி நெடுகப் பலகைகள் உண்டு. பர்கண்டியில் ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை, கைவிடப்பட்ட ரயில் தடத்தின் மேல் 1997-இல் திறந்த 44 கிலோமீட்டர் பாதையிலும் அப்படித்தான். மோட்டார் வண்டியே வராது, ஏற்றமும் அதிகமில்லை, போய்ச் சேருமிடத்தில் 910-இல் நிறுவிய மடாலயம். பத்து வயதுப் பிள்ளைகூட ஓட்டிவிடும்.

சிக்கல் எல்லாம் அங்கே போய்ச் சேருவதில்தான். பாரிஸ் புறநகரிலிருந்து இரண்டு பிள்ளைகள், நான்கு சைக்கிள், சாப்பாட்டு மூட்டை சகிதம் கிளம்பி வந்து, "இடமில்லை" என்ற ஒற்றைச் சொல்லில் நடைமேடையிலேயே நின்றுவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருக்குப் பணம் திரும்பக் கேட்கும் உரிமை இருந்தது. அது அவர்களுக்குத் தெரியாது. சொல்லவேண்டியவர்களும் சொல்லவில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 டிசம்பரில் வந்த பிரெஞ்சு போக்குவரத்துச் சட்டமும், அதைத் தொடர்ந்து 2021 ஜனவரியில் வந்த ஆணையும், புதிதாக வாங்கும் அல்லது புதுப்பிக்கும் ரயில்களில் பிரிக்காத சைக்கிளுக்குப் பொதுவாக ஒரு ரயிலில் 8 இடம் என்று வைத்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் உரிமை விதி 2023 ஜூன் 7 முதல் நடப்பில் இருக்கிறது. சைக்கிளை ஏற்றிச் செல்வதைப் பயணியின் உரிமைகளில் ஒன்றாக அது சேர்த்தது. அவ்வளவுதான்.

"புதிதாக வாங்கும், புதுப்பிக்கும்" என்ற இரண்டு சொற்களைக் கவனியுங்கள். உங்கள் ஊருக்குப் போகும் ரயில் பழையது என்றால் இந்த 8 இடம் உங்களுக்கு இல்லை. "சட்டத்தில் எட்டு என்று போட்டிருக்கிறதே" என்று பரிசோதகரிடம் வாதாடிப் பயனில்லை. உரிமை என்பதிலும் "பாதுகாப்புக் காரணம்", "கூட்ட நேரம்" என்று விலக்குகள் உண்டு. கதவைத் திறந்துவிட்டு, குறுக்கே ஒரு காலையும் நீட்டி வைத்திருக்கிறார்கள்.

முன்பதிவு இருந்தால் பேசலாம்

விஷயத்தின் மையம் இதுதான். சைக்கிளுக்கு முன்பதிவு செய்து, அதன் பிறகும் தக்க காரணமில்லாமல் ஏற்ற மறுத்தால், வேறு ரயிலில் போகவோ டிக்கெட் பணத்தைத் திரும்பப் பெறவோ ஐரோப்பிய விதி உங்களுக்கு உரிமை தருகிறது. அதோடு இழப்பீடும் காத்திருப்பு உதவியும் கேட்கலாம். முன்பதிவு இல்லாத சைக்கிளுக்கு இது எதுவும் பொருந்தாது. அதனால் முன்பதிவு எங்கே கிடைக்கிறதோ அங்கே செய்துவிடுங்கள். அந்தச் சீட்டுத்தான் உங்கள் ஆயுதம்.

டிஜிவி போன்ற தொலைதூர ரயில்களில் சைக்கிளுக்குத் தனி முன்பதிவும் தனிக் கட்டணமும் உண்டு. எல்லா டிஜிவியிலும் சைக்கிள் இடம் கிடையாது. இங்கேதான் பலர் விழுகிறார்கள்: முதலில் மலிவாகக் கண்ணில் பட்ட டிக்கெட்டை வாங்கிவிட்டு, சைக்கிளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அந்த ரயிலில் சைக்கிள் இடமே இருக்காது, அல்லது அதற்குள் தீர்ந்திருக்கும். மாற்ற முடியாத டிக்கெட் என்றால் அந்தப் பணமும் போச்சு. தேடும்போதே சைக்கிளைச் சேர்த்துத் தேடுங்கள். சைக்கிள் இடம் காட்டும் ரயிலை முதலில் பிடியுங்கள், விலையை அப்புறம் பாருங்கள்.

சக்கரத்தைக் கழற்றி உறைக்குள் போட்டால் சைக்கிள் சாதாரண மூட்டையாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் உறைக்கு அளவு வரம்பு இருக்கிறது, அதை மீறினால் அபராதம். பெரியவர்களின் சைக்கிளை முன்சக்கரம் மட்டும் கழற்றி அந்த அளவுக்குள் அடக்குவது கடினம். பின்சக்கரத்தையும் கழற்றவேண்டியிருக்கும். முதல் முறை செய்பவர்கள் வீட்டில் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். ரயில் வரும் நேரத்தில் நடைமேடையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் வேலை இல்லை இது. மூட்டைகளில் பெயர்ச்சீட்டு ஒட்டவேண்டும் என்ற விதியும் உண்டு, உறைக்கும் ஒன்று கட்டிவிடுங்கள்.

இருவர் ஓட்டும் நீள சைக்கிள், சரக்கு சைக்கிள், பின்னால் இழுக்கும் பிள்ளை வண்டி இவற்றைப் பெரும்பாலான ரயில்கள் ஏற்காது. பிள்ளை வண்டியோடு போக நினைப்பவர்கள் அதைச் சேருமிடத்தில் வாடகைக்கு எடுப்பதே நல்லது.

டிஇஆர்: ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் ஒரு சட்டம்

சின்ன ஊர்களுக்குப் போவது டிஇஆர் என்ற பிராந்திய ரயில். சைக்கிளுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை, முன்பதிவு வேண்டாம், இடமிருந்தால் ஏற்றிக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது. "இடமிருந்தால்" என்பதை முடிவு செய்வது அந்த ரயிலின் பரிசோதகர். அவர் இல்லை என்றால் இல்லைதான்.

இதை நடத்துவது பிராந்திய அரசுகள் என்பதால் விதிகளும் ஆளுக்கொன்று. சில பிராந்தியங்கள் கோடை மாதங்களில் மட்டும் சில தடங்களுக்குச் சைக்கிள் முன்பதிவைக் கட்டாயமாக்குகின்றன. மே மாதத்தில் சும்மா ஏறிப்போனவர் ஜூலையில் அதே ரயிலுக்கு வந்து திரும்பிப் போகிறார். இரண்டு பிராந்தியங்களின் எல்லையைக் கடந்து போகும் பயணம் என்றால் இரண்டு தளங்களையும் பார்க்கவேண்டும். ஒரு கவுண்ட்டரில் கேட்டால் "அது பக்கத்துப் பிராந்தியம், எங்களுக்குத் தெரியாது" என்பார்கள். ஒரே நாடு, ஒரே தண்டவாளம். கேட்டால் தோளைக் குலுக்குவார்கள்.

லுவார் தடத்தில் கோடையில் சைக்கிளுக்குக் கூடுதல் இடம் விட்டு ரயில் ஓட்டுகிறார்கள். அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் சனிக்கிழமைக் காலை கிளம்பி ஞாயிறு மாலை திரும்பும் திட்டம் வேண்டாம். ஊரே அப்போதுதான் போகிறது. வெள்ளி காலையில் போய்ச் சனி மாலையில் திரும்புங்கள்.

பாரிஸ் பகுதிக்குள் ஆர்இஆர் என்ற விரைவு நகர ரயில்களிலும் புறநகர் ரயில்களிலும் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வேலை நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரை, மாலை 4.30 முதல் 7.30 வரை ஏற்றக்கூடாது. வெள்ளி காலை கிளம்புபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்: டிஜிவிக்கு முறையாக முன்பதிவு இருக்கும், வீட்டிலிருந்து அந்த நிலையத்துக்குப் போகவே வழி இருக்காது. மெட்ரோவை நம்பவேண்டாம். முதலாம் எண் தடத்தில் ஞாயிறும் விடுமுறை நாட்களும் மாலை 4.30 வரை என்ற ஒரு சலுகையைத் தவிர அங்கே சைக்கிளுக்கு இடமில்லை. பாரிஸ் நகருக்குள் லா ஷப்பல் பக்கம் இருப்பவர்கள் பெரிய நிலையங்களுக்கு ஓட்டியே போய்விடலாம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத பொறி ஒன்று இருக்கிறது: மாற்றுப் பேருந்து. தண்டவாள வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவார்கள். பேருந்து பெரும்பாலும் சைக்கிளை ஏற்றாது. கால அட்டவணையில் ரயில் என்பதற்குப் பதில் ஒரு சின்னப் பேருந்துப் படம் மட்டும் இருக்கும், கைபேசித் திரையில் அது கண்ணில் படாது. போகும் ரயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் ரயிலைப் பார்க்காமல் விட்டவர்கள்தான் இதில் அதிகம். முந்தின நாள் இரவு இரண்டையும் பாருங்கள்.

மறுத்தால் என்ன செய்வது

அங்கேயே சண்டை போடவேண்டாம். மறுத்த காரணத்தைக் கேளுங்கள், முடிந்தால் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டார்கள். அதனால் ரயில் எண், பெட்டி, நேரம் ஆகியவற்றை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். சைக்கிள் இடத்தைப் படம் எடுங்கள். அங்கே சைக்கிளுக்குப் பதில் பெட்டிகள் அடுக்கியிருந்தால் அந்தப் படம்தான் உங்கள் சாட்சி. அடுத்த ரயிலுக்குப் புது டிக்கெட் எடுக்கும் முன் கவுண்ட்டருக்குப் போய், மறுத்ததால் மாற்றித் தரும்படி கேளுங்கள். நீங்களாகப் பணம் கட்டி வாங்கிவிட்டால், "நீங்களே திட்டத்தை மாற்றிக்கொண்டீர்கள்" என்று பதில் வரும்.

பிறகு ரயில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தொலைபேசியில் பேசியது பேசியதாகவே போய்விடும். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரயில் நிறுவனத்தின் மத்தியஸ்தரிடம் போகலாம். கட்டணம் இல்லை. ஆனால் முதலில் புகார் எழுதிய சான்று இல்லாமல் அவர் கோப்பையே திறக்கமாட்டார். வவுச்சர் தருகிறோம் என்பார்கள். டிக்கெட் பணம்தான் வேண்டும் என்றால் அதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பாதையில் வரும் அபராதங்கள்

வழிப்பலகையில் இரண்டு பெயர்களைப் பார்ப்பீர்கள். 'வுவா வெர்த்' என்றால் மோட்டார் வண்டி வராத பாதை. 'வெலோரூத்' என்றால் சைக்கிளுக்கு ஏற்ற வழி, அவ்வளவுதான், அதில் கார் வரும். "குடும்பத்துக்கு ஏற்றது" என்ற விளம்பரத்தை நம்பிச் சின்னப் பிள்ளைகளை இறக்கிவிடும் முன் உங்கள் பகுதி இரண்டில் எது என்று பாருங்கள். பர்கண்டியின் போன் (Beaune) ஊரிலிருந்து சான்தனே வரை திராட்சைத் தோட்டங்களின் நடுவே போகும் 22 கிலோமீட்டர் வழியில் டிராக்டர்கள் வரும், அறுவடைக் காலத்தில் அடிக்கடி வரும். வழி முழுக்க ஒயின் சுவைக்கக் கூப்பிடுவார்கள். கார் ஓட்டுபவருக்கு உள்ள, ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் மது என்ற வரம்பு சைக்கிள் ஓட்டுபவருக்கும் உண்டு.

அமைதியான கிராமத்தில்தான் ஆபத்து. பலகை வேறு சொல்லாதவரை வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்கே முதல் வழி. சந்து எவ்வளவு குறுகலாக இருந்தாலும், நீங்கள் நேர்ச்சாலையில் வந்தாலும், நிற்கவேண்டியவர் நீங்கள். உள்ளூர்க்காரர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அவருக்குச் சட்டம் தெரியும்.

ஊர்ப் பெயரின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகையைத் தாண்டினால் ஊர் முடிந்தது என்று பொருள். இருட்டிய பிறகோ மூடுபனியிலோ அந்தப் பலகைக்கு அப்பால் ஒளிரும் மேலங்கி கட்டாயம், இல்லையென்றால் 35 யூரோ. 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு ஹெல்மெட் இல்லையென்றால் கூட வரும் பெரியவருக்கு 135. காதில் இயர்போன், கையில் கைபேசி, இரண்டுக்கும் அதே 135. "இது சைக்கிள்தானே" என்பதை யாரும் கேட்டுக்கொள்ளமாட்டார்கள்.

உங்கள் பக்கம் உள்ளதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஊருக்கு வெளியே கார் உங்களை முந்தும்போது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போகவேண்டும், ஊருக்குள் ஒரு மீட்டர். பகலில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாம். பின்னால் வண்டி முந்த வந்தால் ஒற்றை வரிசையாகவேண்டும். ஹாரன் அடித்துத் திட்டுபவருக்கு இது தெரியாது. சாலையில் நின்று பாடம் நடத்தவேண்டாம், ஓரம் கட்டிப் போகவிடுங்கள்.

க்ளூனியிலிருந்து மாக்கோன் பக்கம் தொடர்பவர்கள் கவனிக்கவும். வழியிலுள்ள புவா கிளேர் சுரங்கம் 1.6 கிலோமீட்டர் நீளம். குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அதை மூடிவிடுவார்கள். அப்போது மலைமேல் ஏறித்தான் இறங்கவேண்டும். உள்ளே கோடையிலும் குளிரும், ஒரு சட்டை கையில் இருக்கட்டும்.

கடைசியாக, புது சைக்கிளுக்கு அரசு பணம் தருகிறது என்று இன்னமும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி. தேசிய அளவிலான அந்த உதவித்தொகை 2025 பிப்ரவரி 14-ஓடு நின்றுவிட்டது. அதைக் காட்டி விற்கும் கடைக்காரரிடம் விலையை மட்டும் பேசுங்கள். சில பிராந்தியங்களும் நகராட்சிகளும் தனியாக ஏதாவது தருகின்றன. ஆனால் வருமான வரம்பு, வசிப்பிடச் சான்று, எந்தக் கடையில் வாங்கலாம், வாங்கும் முன்பா பின்பா விண்ணப்பிப்பது என்று ஊருக்கு ஊர் வேறுபடும். உங்கள் நகராட்சிக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதில் எழுத்தில் வந்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.