முத்திநாத் போகிறவர்கள் ஒரு நாளை மேலதிகமாக வைத்திருங்கள்

முல்லைத்தீவுக் கரையில் வெயில் ஏறித் தரை சுட்டதும் கடற்காற்று எழும்புவது வன்னியில் எல்லோருக்கும் தெரியும். நேபாளத்தில் பொக்கராவிலிருந்து, முத்திநாத் கோயிலுக்குக் கிட்டவுள்ள ஜோம்சோமுக்குப் பறக்கும் யாத்திரிகர்களின் நேரத்தை முடிவு செய்வதும் அதே வகைக் காற்றுத்தான். ஜோம்சோமுக்கு வடக்கே உள்ள முஸ்டாங் மேட்டுநிலம் சூடாகித் தெற்கிலிருந்து காற்றை இழுக்கும். அதற்கு வழி, தவுளகிரி, அன்னபூர்ணா மலைகளுக்கு நடுவே உள்ள காளி கண்டகிப் பள்ளத்தாக்கு. குளத்துத் தண்ணீர் துருசுக்குள் நெருக்கிப் பாய்வதுபோல் பாயும். பின்னேரத்தில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தையும் தொடும். ஆகவே காலை 10, 11 மணிக்குள் பறப்புகளை முடித்துவிடுவார்கள்.

கட்டுநாயக்காவின் ஓடுபாதை 3,350 மீற்றர். ஜோம்சோமில் இருப்பது 739 மீற்றர், அதுவும் கடல் மட்டத்திலிருந்து 2,736 மீற்றர் உயரத்தில். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். ஐதான காற்றில் வேகமானி குறைத்தே காட்டும்: இறங்கும்போது அது 75 நொட் (விமான வேக அளவு) காட்டினால் உண்மை வேகம் ஏறத்தாழ 86 நொட். பிரேக் அடக்க வேண்டிய சக்தி மூன்றிலொரு பங்கு கூடிவிடுகிறது. கிளம்பும்போதும் இதே கணக்கு: இயந்திரத்தின் வலு குறையும், ஓட வேண்டிய தூரம் நீளும். வெயில் ஏற ஏற இன்னும் மோசமாகும்.

இதனால்தான் எடை விஷயத்தில் கறாராக இருக்கிறார்கள். பொதியும் கைப்பையும் சேர்த்துப் பெரும்பாலும் 15 கிலோதான். பிரசாதம், சாளக்கிராமம் என்று ஜாக்கெட் பைகளில் ஒளித்துக் கொண்டுபோகாதீர்கள். விமானி கணக்கில் எடுக்காத எடை அது. உடல் எடையைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

முகில் இன்னும் பெரிய ஆபத்து. இந்தப் பாதையில் விமானி மலையைக் கண்ணால் பார்த்தே பறக்கிறார். 2022 மே 29 அன்று இதே பாதையில் சென்ற ட்வின் ஒட்டர் என்ற சிறிய விமானம் மலையில் மோதி 22 பேரும் இறந்தார்கள். முகிலுக்குள் புகுந்து பாதை தவறியதையும், தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி நிறுத்தப்பட்டிருந்ததையும் விசாரணை அறிக்கை காரணமாகச் சொன்னது. பாதி வழியில் விமானம் பொக்கராவுக்குத் திரும்பினால் யாரும் சண்டை பிடிக்க வேண்டாம். அந்த விமானி சரியானதைத்தான் செய்திருக்கிறார்.

முகவரிடம் பணம் கட்டமுன் கேளுங்கள்: பறப்பு இரத்தானால் மறுநாள் இடம் தருவீர்களா, இல்லையென்றால் ஜீப் ஒழுங்கா? வீதியால் போனால் ஒரு பகல் முழுதும் எடுக்கும். கொழும்புக்குத் திரும்பும் டிக்கெட்டை ஜோம்சோமிலிருந்து வரும் அதே நாளுக்குப் போடவே கூடாது.

இருக்கைப் பட்டியை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் இறுக்குங்கள். பை மடியில் வேண்டாம். ட்வின் ஒட்டரின் கதவு பின்பக்கம் இடதில் இருக்கிறது. இறங்கியதும் வால் பக்கமாகவே விலகி நடவுங்கள். தொப்பி பறந்தாலும் சுழலியின் பக்கம் ஓடக்கூடாது.

பொக்கரா 800 மீற்றர் அளவு உயரம், முத்திநாத் 3,700க்கும் மேல். முதியவர்களை அன்றே ஜீப்பில் ஏற்றாமல் ஜோம்சோமில் ஓர் இரவு தங்க வையுங்கள். தலையிடியோடு சத்தி வந்தால் மேலே போகாமல் உடனே கீழே இறக்குங்கள்.